ஒரு துளைக்கு என்ன விலை?

கட்டட வேலைக்கு கார்ட்லெஸ் ஹாமர் டிரில் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. எத்தனை வோல்ட்? எத்தனை ஜூல்? என்ன விலை? புனேயில் பன்னிரண்டு வருடமாக சைட் என்ஜினியராகக் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் என்னிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்த மூன்றுக்கும் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அந்த மெஷினைப் பிடிக்கப் போகிற கைக்கு என்ன ஆகும்? இதை அனேகமாக யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்று தேடிக்கொண்டு போனால், நூற்றறுபது வருடம் பின்னால், இங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு மலையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமான கதை. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம் :-)

முதலில் கல்லைப் பற்றி. புனே உட்கார்ந்திருப்பது தக்காணத்தின் கரும்பாறை மேல். சுமார் 6.6 கோடி வருடங்களுக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகிய பசால்ட். நம் ஊரில் கருங்கல் என்றால் கிரானைட், சார்னோகைட் வகையறா. இங்கே 'காளா தகட்' என்றால் இந்த பசால்ட். வீட்டு அஸ்திவாரம், கோட்டைச் சுவர், இன்றைய கான்கிரீட்டில் போடும் ஜல்லி எல்லாம் இதுதான். நகரத்துக்கு நடுவிலேயே, ஜங்லி மகாராஜ் சாலையில், இதே பாறையைக் குடைந்த பாதாளேஷ்வர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு, ராஷ்டிரகூடர் காலம். மாமல்லபுரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பிடித்துப்போகும். அங்கே மாதிரியே இங்கும் வேலை பாதியில் நின்றிருக்கிறது. லோனாவ்லா பக்கம் போனால் கார்லா, பாஜே குடைவரைகள், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழசு. எல்லாமே உளியும் சுத்தியும் செய்த வேலை. உளிக்கு இங்கே 'சின்னி' என்று பெயர்.

சிற்பிக்கு வேண்டியது கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கித் தள்ளுவது. ரயில் போட வந்தவர்களுக்கு வேண்டியது வேறு. பாறைக்குள் ஆழமாக இறங்கும் ஒரு குறுகலான துளை. அதில் கரிமருந்தை அடைத்துத் திரி வைத்து வெடிக்க வேண்டும். மராட்டியில் இதை 'சுருங்' வைப்பது என்பார்கள். நம்முடைய சுரங்கமும், பழந்தமிழில் வரும் சுருங்கையும், இந்தச் சுருங்கும் ஒரே சொல்லின் பிள்ளைகள். கிரேக்கத்தில் குழல் என்று பொருள்படும் 'சிரிங்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள்.

அந்தத் துளையை எப்படிப் போட்டார்கள்? ஒருவர் நீளமான கம்பி உளியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒருவரோ இருவரோ சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் முனை தான் வெட்டிய பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். நடுநடுவே தண்ணீர் ஊற்றி, நுனியில் கரண்டி போல வளைந்த கம்பியால் கல் தூளை வெளியே எடுக்க வேண்டும். அடி, திருப்பு, தூளை எடு. மூன்றே வேலை. இன்று ரோட்டரி ஹாமர் என்று நாம் வாங்குவது செய்வதும் இதே மூன்றைத்தான். நிமிடத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் அடிக்கிறது, அதுதான் வித்தியாசம்.

இப்போது அந்த மலை. போர் காட். பம்பாயிலிருந்து தாணேக்கு 1853 ஏப்ரல் 16-ல் முதல் பயணிகள் ரயில் ஓடியது எல்லோருக்கும் தெரிந்த கதை. தாணே வரை சமதளம். அங்கிருந்து புனே வர சஹ்யாத்ரி மலையை ஏற வேண்டும். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி போட்ட திட்டப்படி, மலையடிவாரத்திலிருந்து லோனாவ்லா வரை சுமார் 25 கிலோமீட்டர் பாதை, 1,831 அடி ஏற்றம், 25 குகைகள். 1856-ல் வில்லியம் ஃபேவியல் என்ற ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்கினார். மேலே கண்டாலா முதல் புனே வரை ரயில் 1858-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. நடுவில் இருந்த காட்டை மட்டும் பயணிகள் பல்லக்கிலும் வண்டியிலும் கடந்தார்கள்.

1859 ஜனவரியில் கூலிப் பிரச்னையில் தொழிலாளர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். சொன்ன கூலி ஒன்று, கைக்கு வந்தது வேறு. மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரர்கள் தாக்கப்பட்டார்கள், விசாரணை நடந்தது, அந்த வருடமே ஃபேவியல் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்து சாலமன் ட்ரெட்வெல் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்தார். வந்த சில வாரங்களிலேயே நோயில் இறந்துபோனார். அவருடைய மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் ஏற்று, ஆடம்சன், க்ளௌசர் என்ற இரண்டு பொறியாளர்களை வைத்து வேலையை முடித்தார். 1861-ல் உச்சக்கட்டத்தில் மலையில் வேலை செய்தவர்கள் 42,000 பேர். 1863 ஏப்ரல் 21 அன்று கவர்னர் பார்ட்டில் ஃப்ரேர் பாதையைத் திறந்து வைத்தார். ஆலிஸின் பெயர் வரலாற்றில் நிற்கிறது, நிற்க வேண்டியதும்தான். காலராவிலும் சரிவிலும் வெடியிலும் ஆயிரக்கணக்கில் செத்துப்போன உளிக்காரர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ரயில்வே வேலைகளில் கூலித் தகராறை மாஜிஸ்ட்ரேட் உடனுக்குடன் தீர்க்க 1860-ல் ஒரு சட்டம் வந்தது. போர் காட் தொழிலாளிகள் விட்டுப்போன எழுத்து ஆதாரம் என்றால் அதுதான்.

போர் காட்டில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் ஃப்ரேஷூஸ் குகை, 12 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1857-ல் கையால்தான் தொடங்கினார்கள். இந்த வேகத்தில் போனால் பல பத்தாண்டுகள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் செங்குத்தாகக் கிணறு இறக்கி நான்கைந்து முனைகளில் வேலை செய்யவும் வழியில்லை, மேலே அவ்வளவு உயர மலை. ஆகவே ஜெர்மேன் சோமெய்யே என்ற பொறியாளர் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக் கருவியை உருவாக்கி 1861 ஜனவரியில் இத்தாலியப் பக்கத்தில் வேலைக்கு இறக்கினார். 1871-ல் குகை திறந்தது.

போர் காட் தொடங்கிய 1856-ல் இந்தக் கருவியை யாரும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது, உண்மை. ஆனால் கருவி வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் நம் நாட்டில் சுரங்கம், கிணறு, கல்குவாரி எல்லாம் கைத்துளையில்தான் நடந்தன. நாமக்கல் மாவட்டத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு தாத்தா காலத்தில் ஜம்பர் கம்பியால் குழி போட்டு வேட்டு வைத்து இறக்கியது. காரணம் எளிமையானது. கம்ப்ரஸருக்கு முதல் போட வேண்டும், கைக்கு அன்றாடக் கூலி போதும். கூலி மலிவாக இருக்கும் வரைக்கும் கருவி வராது. ஒரு கருவி ஒரு ஊருக்கு வருவது அது கண்டுபிடிக்கப்பட்ட தேதியில் அல்ல, அந்த ஊரில் மனிதக் கையின் விலை ஏறிய தேதியில். என் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது.

சரி, காற்றுக் கருவி வந்தபிறகு கை பிழைத்ததா? அடிக்கிற சிரமம் போனது, வேறு இரண்டு வந்தன.

ஒன்று தூசி. அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ஜார்ஜ் லேனர் 1897-ல் புது மாதிரி துளைக் கருவி செய்தார். உளியின் நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியாகக் காற்றை ஊதி, தூளைத் துளையிலிருந்து வெளியே தள்ளினார். வேலை படுவேகம். தூள் மொத்தமும் பிடித்திருப்பவர் முகத்தில். அந்த வகைக் கருவிகளுக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'விதவையாக்கி'. பிறகு லேனரே காற்றுக்குப் பதில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் விட்டார், தூசி அடங்கியது. தீர்வு இவ்வளவு சீக்கிரம் கிடைத்தும், 1930-31-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் குகையில் சிலிக்கா நிறைந்த பாறையை உலர்வாகத் துளைத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் நுரையீரல் கெட்டு இறந்தார்கள். பெரும்பாலும் தெற்கிலிருந்து பிழைப்பு தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். தண்ணீர் விட்டால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான் காரணம்.

நமக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி எடுத்து நடத்திய அந்தச் சுரங்கங்களுக்கு வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் போனார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்ட இடம், அந்தக் காலத்துக்கு உச்சத் தொழில்நுட்பம். காற்றுத் துளைக் கருவியும் வந்தது, அதோடு சிலிக்கோசிஸும் வந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். இருமல் மூடவில்லை.

இரண்டாவது அதிர்வு. 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்ட் கல்குவாரிகளுக்குப் போனார். காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கும் ஆட்களுக்குக் குளிரில் விரல்கள் வெள்ளையாக வெளுத்து, உணர்ச்சியில்லாமல் போவதைப் பார்த்துப் பதிவு செய்தார். அதிர்வு விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் சிதைக்கிறது. ஓரளவுக்கு மேல் போனால் திரும்பி வராது. சட்டைப் பொத்தான் போட முடியாது, சில்லறையை எண்ண முடியாது.

புனேக்கும் இந்தக் காற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கிர்லோஸ்கர் நியூமேடிக் 1958-ல் இங்கே ஹடப்சரில் தொடங்கியது. 1960-ல் ஸ்வீடனின் அட்லஸ் காப்கோ பம்பாய் சாலையில் தாபோடியில் கடை விரித்தது. நம் ஊர்ப் பக்கம் டிராக்டரில் பூட்டிய கம்ப்ரஸர் வந்து ஜம்பர் கம்பியை ஓரங்கட்டிய காலத்துக்கு இந்த மாதிரித் தொழிற்சாலைகள்தான் அடித்தளம். அதற்குக் கைமாறாக நாமும் ஒன்று அனுப்பியிருக்கிறோம். திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகள் மகாராஷ்டிரத்தில் தட்டுப்படாத மாவட்டம் கிடையாது. அதிலும் அதே தத்துவம்தான், அடி, திருப்பு, தூளை எடு :-)

ஆனால் அடுக்குமாடிச் சுவரில் ஒரு போல்ட் போட கம்ப்ரஸரை ஐந்தாவது மாடிக்கு ஏற்ற முடியாது. அங்கேதான் மின்சாரம் வருகிறது.

மின்சாரத் துளைக் கருவிக்கு முதல் காப்புரிமை 1889-ல் மெல்பர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்நாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் இருவருக்கும். அதன் நோக்கமே பாறையைத் துளைப்பதும் நிலக்கரி வெட்டுவதும்தான். 1895-ல் ஜெர்மனியில் ஃபைன் கம்பெனி கையில் தூக்கும் டிரில்லைக் கொண்டு வந்தது. துப்பாக்கி மாதிரி பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் பிளாக் அண்ட் டெக்கரின் யோசனை, 1917-ல் காப்புரிமை. சுத்தியும் சுழற்சியும் ஒன்றாகச் சேர்ந்த பாஷ் ஹாமர் 1932-ல் வந்தது. இன்றைக்கு நாம் கையில் எடுக்கும் காற்று மெத்தை வகையைப் பரவலாக்கியது ஹில்டியின் டிஇ 17, 1967-ல். 'செருகு, திருப்பு, பூட்டு' என்பதன் ஜெர்மன் சுருக்கமான எஸ்.டி.எஸ். தண்டு 1970-களில் பாஷ் கொண்டு வந்தது. அதன் பிறகு பிட் மாற்றச் சாவி தேட வேண்டியதில்லை.

காற்று மெத்தை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இது ஒன்று தெரிந்தால் போதும். சாதாரண இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பல் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் துள்ளும். நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி. ரோட்டரி ஹாமரில் மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஆட்டும். பிஸ்டனுக்கு முன்னால் ஒரு சிலிண்டரில் காற்று, காற்றுக்கு முன்னால் தனியாக ஓர் எஃகுக் குண்டு. பிஸ்டன் காற்றை நசுக்க, காற்று குண்டை எறிய, குண்டு பிட்டின் பின்பக்கத்தில் மோதும். அந்தப் பெரிய கம்ப்ரஸரை ஒரு டம்ளர் அளவுக்குச் சுருக்கி உள்ளே வைத்த மாதிரி. அடி போடுவது மெஷின், நாம் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடையில் இரண்டையும் 'ஹாமர்' என்றே விற்பார்கள். கான்கிரீட்டில் தினமும் துளை போட முதலாவது ஆகாது.

துளைக்கு இவ்வளவு கிராக்கி எப்படி வந்தது? முன்பெல்லாம் சுவரில் உளியால் கொத்தி மரக்கட்டை அடித்து, அதில் திருகாணி போடுவார்கள். 1910-ஐ ஒட்டி லண்டனில் ஜான் ரோலிங்ஸ் என்பவர், பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைச் சிதைக்காமல் மின்சார வேலை செய்ய, சணல் நாரை இறுக்கி ஒரு சிறிய குழாய் செய்தார். அதுதான் ராவல் பிளக். 1958-ல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். பிறகு இரும்பு ஆங்கர் ஃபாஸ்ட்னர், பிறகு கெமிக்கல் போட்டு கம்பி நடுவது. இன்று ஒரு மாடியில் ஸ்பிரிங்ளர் குழாய், ஏசி டக்ட், கேபிள் டிரே, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் கான்கிரீட்டில் போட்ட துளைகளில்தான் தொங்குகின்றன. அதில் பெரும்பகுதி தலைக்கு மேலே, ஏணியிலோ சாரத்திலோ நின்று போடுவது.

அங்கே கேபிள் ஒரு எமன். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தளம், ஒட்டுப் போட்ட வயர், பிளக் இல்லாமல் நுனியை உரித்து சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் சொருகியது. சைட்டுக்குப் போய் வந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஈ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதையே தாண்டி இணைப்புக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். கார்ட்லெஸ் என்பதை வசதி என்று நினைக்கிறோம். ஏணி மேல் நிற்பவருக்கு அது உயிர்.

பேட்டரி டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் 1961-ல் கொண்டு வந்தது. ஆனால் பேட்டரியில் சுழன்று, கூடவே அடிக்கவும் செய்த கருவிகளில் மிகப் பிரபலமானது பூமியில் வேலை செய்யவில்லை. 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவின் தரையில் வெப்பமானி புதைக்க அப்படி ஒன்றால் துளை போட்டார். மூன்று மீட்டர் இறங்க வேண்டியது, பாதி தூரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் சிக்கிக்கொண்டது. பேட்டரி தீரவில்லை, மோட்டார் பழுதாகவில்லை. தண்டுகள் ஒன்றோடொன்று இணையும் இடத்தில் தூளை மேலே கொண்டுவரும் சுருள் பள்ளம் சரியாகத் தொடரவில்லை. தூள் வெளியே வர வழியில்லாமல் இறுகிவிட்டது. அடுத்த பயணங்களுக்கு அந்த இணைப்பை மாற்றினார்கள். அடிப்பதும் திருப்புவதும் சரியாக இருந்து மூன்றாவது வேலை மட்டும் தவறினால் நிலாவிலும் கதை அதேதான்.

நம் தரைக்கு வருவோம். நிக்கல் காட்மியம் பேட்டரி கனம், சீக்கிரம் சோர்ந்துவிடும். 2003-ல் பாஷ் ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரில் லித்தியம் அயனைக் கொண்டு வந்தது. 2005-ல் மில்வாக்கி 28 வோல்ட் கருவிகளில் கொண்டு வந்தது. கூடவே கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரும் பரவியதும், ஹாமர் டிரில்லை நிஜமாகவே வயர் இல்லாமல் நாள் முழுக்க ஓட்டலாம் என்றானது.

இனி வாங்குகிற விஷயம். என் அளவுகோல் இது.

வேலையைப் பாருங்கள். 6 முதல் 12 மி.மீ. வரை ஆங்கர் துளைதான் பெரும்பாலும் என்றால் 10 மி.மீ. தண்டுள்ள எஸ்.டி.எஸ். பிளஸ், 2 முதல் 3 ஜூல், 18 வோல்ட் போதும். தடித்த கம்பி நட 20 மி.மீ.-க்கு மேல் ஆழத் துளை தினமும் என்றால் 18 மி.மீ. தண்டுள்ள எஸ்.டி.எஸ். மேக்ஸ். ஜூல் அதிகம் இருந்தால் நல்லது என்று எல்லாவற்றுக்கும் பெரியதை வாங்கக் கூடாது. ஜூல் ஏறினால் எடையும் ஏறும். தலைக்கு மேல் பிடிக்கிறவருக்கு அரை கிலோ என்பது மதியத்துக்கு மேல் ஐந்து கிலோ.

பேட்டரிக் கணக்கு. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. ஒரு துளை பதினைந்து வினாடி, 500 வாட் இழுவை என்று வைத்தால் துளைக்கு இரண்டு வாட்-மணிக்குச் சற்று மேல். ஒரு பேட்டரிக்கு நாற்பது சொச்சம் துளை. உங்கள் வேலைக்கு ஏற்ப நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு மூன்று பேட்டரி, நிழலில் வைத்த சார்ஜர். புனே ஏப்ரல் வெயிலில் சூடான பேட்டரியைச் சார்ஜரில் போட்டால் அது ஏற மறுக்கும்.

அதிர்வு. கருவியோடு வரும் சிறிய புத்தகத்தில் கான்கிரீட் துளைக்கு மீட்டர்/வினாடி² என்று ஓர் எண் இருக்கும். ஐரோப்பாவின் 2002-ம் வருட உத்தரவுப்படி எட்டு மணி நேரச் சராசரி 2.5-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. கணக்கு இருமடியில் போகும். எண் 10 என்றால் அரை மணி நேரத்தில் முதல் கோடு, இரண்டு மணி நேரத்தில் கடைசிக் கோடு. 14 என்றால் கடைசிக் கோடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு கருவிக்கும் விலை வித்தியாசம் சில ஆயிரம். இந்த நேரம் பிட் கல்லில் அடிக்கும் நேரம் மட்டுமே என்பதால், ஆளை மாற்றி மாற்றி விட்டால் சமாளிக்கலாம்.

தூசி. பசால்ட்டில் குவார்ட்ஸ் குறைவு, நம்ம ஊர் கல் அளவுக்கு ஆபத்தில்லை என்று இங்கே சிலர் சமாதானம் சொல்வார்கள். கல்லுக்கு அது சரி. ஆற்று மணலில் போட்ட பழைய கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும் டைலுக்கும் சரியில்லை, துளை போடுகிறவர் ஒரே சைட்டில் இருப்பவரும் இல்லை. 2016-ல் அமெரிக்கா காற்றில் சிலிக்கா அளவைக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று குறைத்தபோது, துளைக் கருவிக்குத் தூசி உறிஞ்சியை முறையாகச் சேர்த்தார்கள். இப்போது உள்ளே ஓட்டை உள்ள பிட்கள் கிடைக்கின்றன. அந்த ஓட்டை வழியாக வேக்குவம் தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும். லேனரின் அதே ஓட்டை உளி, காற்றின் திசை மட்டும் எதிர். அவர் ஊதினார், இவர்கள் உறிஞ்சுகிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க நான் சொல்லும் காரணம் நுரையீரல் அல்ல. தூள் தங்கிய துளையில் கெமிக்கல் ஆங்கர் கான்கிரீட்டைப் பிடிக்காது, தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இழுத்தால் வந்துவிடும். இதைச் சொன்னால் உடனே கையெழுத்து விழுகிறது. கம்பி கழன்று வரும் என்றால் பயப்படுகிறவர்கள், நுரையீரல் போகும் என்றால் முகக்கவசம் கொடுக்கலாமே என்கிறார்கள்.

இதற்குக் காரணம் கெட்ட மனது அல்ல, கணக்கு எழுதும் முறை. இங்கே பெரும்பாலான சைட்டில் துளை வேலை சப் கான்ட்ராக்ட், ஒரு துளைக்கு இவ்வளவு என்று ரேட். மெஷின் சப் கான்ட்ராக்டருடையது. அவர் மலிவானதைத்தான் வாங்குவார். பிடிக்கிறவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ சோலாப்பூரிலிருந்தோ வந்தவர், அதிகத் துளை போட்டால் அதிகக் காசு என்பதால் நடுவில் நிறுத்த மாட்டார். அந்தத் துளை ரேட்டில் பிட் தேய்மானம் இருக்கிறது, பேட்டரி தேய்மானம் இருக்கிறது. கை தேய்மானம் இல்லை. விழுப்புரத்துக்காரர் ஒருவர், இருபது வருடமாக இந்த வேலை செய்யும் மேஸ்திரி, "கை மரத்துப் போவலேன்னா அவன் இன்னும் வேலையே கத்துக்கலேன்னு அர்த்தம் சார்" என்றார் ஒரு தடவை. பெருமையாகத்தான் சொன்னார். "அண்ணே, அது வியாதி" என்றேன். சிரித்துவிட்டு, டீ டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக் குடித்தார்.

ஆகவே என் சிபாரிசு கருவியில் மட்டும் இல்லை. கருவியையும் உறிஞ்சியையும் மெயின் கான்ட்ராக்டரே வாங்கிக் கொடுக்க வேண்டும். துளைக்கு ரேட் என்பதை விட்டு நாள் கூலிக்கு மாற வேண்டும், அல்லது ரேட்டில் ஆள் மாற்றும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு துளைக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முழுக் கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் அது கண்ணுக்கே தெரியாத தொகை. நான் காட்டியிருக்கிறேன். பாதி ஏற்றுக்கொண்டார்கள். கருவியும் உறிஞ்சியும் கம்பெனி வாங்குகிறது, துளை ரேட் அப்படியே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். 1861-ல் மலையில் 42,000 பேர் இருந்தபோது, கருவியைவிடக் கை மலிவு என்ற கணக்கை யாரும் தப்பென்று சொல்லவில்லை. இன்று அந்தக் கணக்கைப் போடுகிற மேஜையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் பலரும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு சைட்டில், அதே மேஜையில்தான் இருப்பீர்கள். அடுத்த தடவை ஜூல் எத்தனை என்று கேட்கும்போது, மீட்டர்/வினாடி² எத்தனை என்றும் கேளுங்கள். கடைக்காரர் முதலில் விழிப்பார். நாலு பேர் கேட்டால் தெரிந்து வைத்துக்கொள்வார்.